கிழக்கா, மேற்கா? மும்பைக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு

1998இல் கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து மும்பைக்கு வந்தேன். அன்றிலிருந்து செம்பூரில்தான் குடித்தனம், ஃபோர்ட்டில் ஒரு ஆபீஸில் கணக்கு வேலை. ஊரிலிருந்து வருடத்துக்கு நான்கைந்து பேராவது வந்து இறங்குவார்கள். ஒவ்வொருவருக்கும் லீவு போட்டுக்கொண்டு கூடவே அலைய முடியாது. அதனால் காலையில் காப்பி குடிக்கிற நேரத்தில் உட்கார வைத்து அரைமணி நேரம் பாடம் நடத்திவிட்டுத்தான் வெளியே அனுப்புவேன். இது அந்தப் பாடம்தான்.

முதலில் ஊரின் வடிவம் மனதில் பதிய வேண்டும். மெட்ராஸ்காரர்களுக்குக் கடல் என்றால் கிழக்கு. இங்கே மேற்கே அரபிக்கடல், கிழக்கே துறைமுகம், தெற்கு நுனியிலும் கடல். ஏழு தீவுகளாகக் கிடந்ததைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி ஒட்ட வைத்த ஊர் இது. போர்ச்சுக்கீசிய இளவரசி கேத்தரினுக்கும் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்கும் 1661இல் நடந்த கல்யாண ஒப்பந்தத்தில் இது சீதனம். ராஜாவுக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது; 1668இல் வருடத்துக்குப் பத்து பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். இன்றைக்கு இங்கே பத்து பவுண்டுக்கு ஒரு ராத்திரி தங்க ரூம் கிடைப்பதே கஷ்டம்.

இப்படி ஒட்டிய ஊர் அகலத்தில் குறைவு, நீளத்தில் அதிகம். முருங்கைக்காயைத் தொங்கவிட்ட மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கீழ் நுனி கொலாபா. காயின் நீளத்துக்கு ஓடுகிற நார்தான் ரயில் பாதைகள். ஆகவே இந்த ஊரில் யாரும் தெருப் பெயரில் ஆரம்பிக்க மாட்டார்கள். எந்த ஸ்டேஷன், அதில் கிழக்கா மேற்கா, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். "அந்தேரியில் இருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் பாதி முகவரிதான் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்காமல் கிளம்பினால், ஸ்டேஷன் பாலத்தில் ஐந்து நிமிஷத்தில் நடந்து கடக்க வேண்டியதை ஆட்டோவில் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் போவீர்கள்.

பாதைகள் முக்கியமாக மூன்று. சர்ச்கேட்டில் தொடங்கி தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவலி வழியாக விரார் பக்கம் போவது வெஸ்டர்ன். சிஎஸ்எம்டியில் தொடங்கி தாதர், குர்லா, தானே வழியாகக் கல்யாணுக்கும் அதைத் தாண்டியும் போவது சென்ட்ரல். அதே சிஎஸ்எம்டியிலிருந்து குர்லா, செம்பூர், வாஷி வழியாகப் பன்வேல் போவது ஹார்பர், எங்கள் பாதை. வெஸ்டர்னும் சென்ட்ரலும் சந்திக்கிற இடம் தாதர். அங்கே 1 முதல் 7 வரையிலான பிளாட்ஃபாரங்கள் வெஸ்டர்னுக்கு, 8 முதல் 14 வரை சென்ட்ரலுக்கு. சிஎஸ்எம்டி என்பது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். பழைய ஆட்கள் இன்னமும் விடி (விக்டோரியா டெர்மினஸ்) என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், பயப்பட வேண்டாம்.

தமிழ்நாட்டு ரயில்களில் பல குர்லா பக்கம் உள்ள லோகமான்ய திலக் டெர்மினஸில் நிற்கும். வெளியே வந்ததும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். என் நாத்தனார் முதல்முறை வந்தபோது, இரண்டு கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். பெட்டி சிறியதாக இருந்தால் பத்து நிமிஷம் நடந்து பக்கத்திலுள்ள திலக் நகர் ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள், ஹார்பர் பாதை கிடைத்துவிடும். பெட்டி பெரியதென்றால் "மீட்டர் சே சலேங்கே?" (மீட்டர் போட்டு வருவீர்களா?) என்று கேளுங்கள், மாட்டேன் என்றால் அடுத்தவரைப் பாருங்கள். மற்றபடி இந்த ஊரில் மீட்டர் போடுவது சாதாரணம். சென்னைக்காரர்களுக்கு இது ஒரு அதிசயமாகவே இருக்கும். 2025 பிப்ரவரியிலிருந்து ஆட்டோவுக்குக் குறைந்தபட்சம் 26 ரூபாய், கறுப்பு மஞ்சள் டாக்ஸிக்கு 31. நடுராத்திரிக்கு மேல் அதில் கால் பங்கு கூடுதல். இன்னொன்று: பாந்த்ரா, சயான் இரண்டுக்கும் தெற்கே ஆட்டோ கிடையாது. கொலாபாவில் நின்றுகொண்டு ஆட்டோவைத் தேடாதீர்கள், டாக்ஸிதான். விமானத்தில் வருகிறவர்கள் டிக்கெட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள், இப்போது நவி மும்பையிலும் ஒரு விமான நிலையம் திறந்துவிட்டார்கள்.

லோக்கல் ரயிலில் ஏறுவது

இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். டிக்கெட் ஐந்து ரூபாயிலிருந்து ஆரம்பம். நாள் முழுக்கச் சுற்றப் போகிறீர்கள் என்றால் கவுன்ட்டரில் டூரிஸ்ட் பாஸ் கேளுங்கள். ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் என்று உண்டு. பிளாட்ஃபாரத்தில் தொங்கும் பலகையில் போகும் ஊர், எத்தனை பெட்டி, இன்னும் எத்தனை நிமிஷம், கூடவே எஸ் அல்லது எஃப் என்று ஓர் எழுத்து இருக்கும். எஸ் என்றால் ஸ்லோ, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். எஃப் என்றால் ஃபாஸ்ட், சின்ன ஸ்டேஷன்களைத் தாண்டி ஓடிவிடும். புதிதாக வருகிறவர்கள் ஸ்லோவிலேயே போங்கள். பத்து நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

காலையில் எட்டிலிருந்து பதினொன்று வரை ஊரே தெற்கு நோக்கிப் போகும். மாலை ஐந்தரைக்கு மேல் அதே கூட்டம் வடக்கே திரும்பும். இந்த இரண்டு நேரத்திலும் அந்தத் திசையில் ஏறாதீர்கள். பதினொரு மணிக்கு மேல் கிளம்பினால் உட்கார்ந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு, ஆனால் பகலில் சில மணி நேரம் பராமரிப்புக்காகப் பாதையை நிறுத்துவார்கள். மெகா பிளாக் என்று பெயர். எந்தப் பாதையில், எத்தனை மணி வரை என்று சனிக்கிழமையே செய்தியில் வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பார்த்து ஏற வேண்டும். பக்கவாட்டில் சிவப்பும் மஞ்சளுமாகச் சாய்கோடு போட்டிருந்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ். உள்ளே சோபா ஒன்றும் இருக்காது, மெத்தை வைத்த பெஞ்சுதான், கூட்டம் கொஞ்சம் குறைவு. வெளியூர்க்காரர்கள் "அட, காலியாக இருக்கிறதே" என்று ஏறி மாட்டுவது இங்கேதான். டிக்கெட் பரிசோதகர் குறைந்தது 250 ரூபாய் அபராதம் தீட்டுவார். தலையில் முந்தானை போட்ட பெண்ணின் படம் இருந்தால் லேடீஸ் டப்பா. இங்கே பெட்டியை டப்பா என்றுதான் சொல்வோம். பெண்கள் தைரியமாக அதில் ஏறுங்கள். காதணி, ஹேர்கிளிப், பழம், நைட்டி எல்லாம் அங்கேயே விற்பனைக்கு வரும். சாயங்கால வண்டியில் மடியில் பேப்பரை விரித்து ராத்திரி சமையலுக்குப் பட்டாணி உரிக்கிறவர்களைப் பார்க்கலாம். நானும் வெந்தயக்கீரை ஆய்ந்திருக்கிறேன்.

இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே எழுந்து வாசல் பக்கம் நகர ஆரம்பியுங்கள். முன்னால் நிற்கிறவரிடம் "தாதர் உத்ரேங்கே?" (தாதரில் இறங்குவீர்களா?) என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவர் பின்னாலேயே ஒட்டி நின்றால் போதும், கூட்டமே கொண்டுபோய் இறக்கிவிடும். இல்லை என்றால் அவரைத் தாண்டி முன்னே போக வேண்டும். பிளாட்ஃபாரம் எந்தப் பக்கம் வரும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் சித்தப்பா ஒரு சாயங்காலம் ஆறேகாலுக்கு, அந்தேரி போவதற்காகச் சர்ச்கேட்டில் விரார் ஃபாஸ்ட்டில் ஏறிவிட்டார். விரார் வண்டி ஒன்றரை மணி நேரம் போகிறவர்களுடைய வண்டி. நடுவில் இறங்க நினைக்கிறவரை அவர்கள் விரும்புவதில்லை. அந்தேரி வந்தபோது சித்தப்பா வாசலை நோக்கி ஓர் அடி வைத்தார், ஏறுகிற கூட்டம் அவரை நான்கு அடி உள்ளே தள்ளியது. போரிவலியில் இறங்கி, ஒரு காலில் மட்டும் செருப்போடு போன் பண்ணினார். "ஏட்டி, இந்த ஊர்ல எப்படித்தான் இருக்க?" என்றார். பக்கத்திலேயே போரிவலி ஸ்லோவோ அந்தேரி லோக்கலோ நின்றிருக்கும். போகிற ஊருக்குக் கிட்டத்தில் முடிகிற வண்டியாகப் பார்த்து ஏறுங்கள் என்று அதற்கப்புறம் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

இத்தனையும் கேட்டுப் பயந்துவிட்டவர்களுக்கு இப்போது மெட்ரோ இருக்கிறது. 2025 அக்டோபரில் முழுதாகத் திறந்த அக்வா லைன் ஆரே காலனியிலிருந்து கஃப் பரேடு வரை பூமிக்கடியில் போகிறது. விமான நிலையம், சித்திவிநாயக் கோயில், சிஎஸ்எம்டி, சர்ச்கேட் எல்லாம் ஒரே கோட்டில். ஏசி உண்டு, இடிபாடு இல்லை. வயதானவர்களை நான் இதில்தான் அனுப்புகிறேன்.

பார்க்க வேண்டியவை

ஒரே ஒரு நாள்தான் என்றால் தெற்கு நுனியை நடந்து பாருங்கள். சிஎஸ்எம்டியில் இறங்கியதும் ஓடாதீர்கள். எதிர்ப்பக்கம் போய் நின்று கட்டடத்தை நிமிர்ந்து பாருங்கள். ஃபிரெடரிக் ஸ்டீவன்ஸ் வடிவமைத்தது, 1888 வாக்கில் முடிந்தது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வாசல் தூண்களில் ஒன்றின் மேல் சிங்கம், இன்னொன்றின் மேல் புலி. சிங்கம் இங்கிலாந்துக்கு, புலி நமக்கு. சுவரில் மயிலும் குரங்கும் இலையுமாகக் கல்லில் செதுக்கியிருப்பார்கள். தினமும் இதன் வழியாகப் போன எனக்கு ஒரு குரங்கு கண்ணில் படவே நாலு வருடம் ஆனது. அதுவும் வண்டி லேட்டான ஒரு நாள் சும்மா நின்றதால்.

அங்கிருந்து ஃபோர்ட் தெருக்கள் வழியாக ஹார்னிமன் சர்க்கிள், ஏஷியாட்டிக் நூலகத்தின் பெரிய வெள்ளைப் படிக்கட்டு, பிறகு காலா கோடா, கேட்வே ஆஃப் இந்தியா. நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். கேட்வேயில் கூட்டத்தையும் போட்டோ எடுக்கச் சொல்லித் துரத்துகிறவர்களையும் தவிர அதிகம் கிடையாது. கால் மணி நேரம் போதும்.

அங்கிருந்துதான் எலிஃபெண்டா குகைகள் இருக்கும் தீவுக்குப் படகு. மராத்தியில் காராபுரி. போக ஒரு மணி நேரம். திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும், இதை மறந்து வந்து திரும்பியவர்கள் ஏராளம். காலையில் முதல் படகிலேயே போய்விடுங்கள். 120 படி ஏற வேண்டும், வழியெல்லாம் கடைகள், குரங்குகள். கையில் தின்பண்டம் வைத்திருந்தால் அது உங்களுடையது இல்லை. பெரிய குகைக்குள் நுழைந்ததும் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண்ணுக்கு முதலில் தூண்கள் மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரம் நின்றால், இருபது அடிக்குக் கிட்ட உயரமாகச் சிவனின் மூன்று முகங்களும் சுவரிலிருந்து மெல்ல வெளியே வரும். கண்களைத் தாழ்த்தியபடி இருக்கும் நடுமுகத்தைப் பார்த்துக்கொண்டு என் அம்மா பேசாமல் உட்கார்ந்துவிட்டார். கும்பிடவா வேண்டாமா என்று தெரியவில்லை என்றார், பூஜையில்லாத சிலை என்பதால். எலிஃபெண்டா என்ற பெயருக்குக் காரணமான கல்யானை இப்போது தீவில் இல்லை, பைகுல்லாவில் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்து வளாகத்தில் நிற்கிறது.

சாயங்காலம் மரைன் டிரைவ். சர்ச்கேட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. நம் மெரினாவில் மணலைத் தாண்டித்தான் தண்ணீர். இங்கே மணலே இல்லை, சுவர், அதற்குக் கீழே கான்கிரீட் கற்கள், கடல். சூரியன் கடலில் இறங்குவதை நம் கிழக்குக் கரைக்காரர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். சுவரில் உட்காருங்கள், கற்களில் இறங்காதீர்கள். ஜுஹூ பீச்சிலும் குளிக்க வேண்டாம், தண்ணீர் அப்படி. சினிமா நடிகர்கள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்கிறவர்களுக்கு வழி சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

சாப்பாடு

வடா பாவ், அதாவது பன் மாதிரியான பாவுக்குள் உருளைக்கிழங்கு வடை, ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டமில்லை. ஸ்டேஷன் வாசலில், கும்பல் நிற்கும் கடையில், எண்ணெயிலிருந்து இப்போதுதான் எடுத்த வடையாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் பாவைக் கத்தியால் வெட்டாமல் விரலாலேயே பிளப்பார். ஒரு பக்கம் பச்சைச் சட்னி, இன்னொரு பக்கம் புளி இனிப்புச் சட்னி, அதன் மேல் சிவப்பாகப் பூண்டுப் பொடி, நடுவில் வடையை வைத்து ஓர் அழுத்து. உப்பில் புரட்டிய வறுத்த மிளகாய் ஓரத்தில். அந்தப் பூண்டுப் பொடியில்தான் விஷயமே இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இருபது ரூபாய்க்குள் காலை ஆகாரம் முடிந்தது. டீ கேட்டால் "கட்டிங்" என்று கேளுங்கள், அரை கிளாஸ் வரும். மரைன் லைன்ஸ் பக்கம் 1904லிருந்து இருக்கும் இரானி ஓட்டல் கியானியில் பன் மஸ்காவும் (வெண்ணெய் தடவிய பன்) டீயும் ஒரு தடவை.

மூன்றாம் நாள் சாம்பார் ஞாபகம் வந்துவிடும். வெட்கப்படாமல் மாட்டுங்காவுக்குப் போங்கள். சென்ட்ரல் பாதை ஸ்டேஷன், கிழக்குப் பக்கம். வெஸ்டர்னில் மாட்டுங்கா ரோடு என்று இன்னொன்று உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ராம நாயக்கின் உடுப்பி ஓட்டலில் வாழையிலைச் சாப்பாடு, கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ், மார்க்கெட்டில் மல்லிகைச் சரம், அப்பளம், கோயில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முருகன் வேண்டுமென்றால் எங்கள் செம்பூர் சேடா நகரில் 108 படி ஏறினால் இருக்கிறார்.

தாராவியை "ஸ்லம் டூர்" என்று காசு கொடுத்துப் பார்க்கப் போவதில் எனக்கு விருப்பமில்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சனங்கள் தோல் ஷாப்பில் வேலை பார்க்க வந்து தலைமுறைகளாக வாழ்கிற இடம். தோல் பை, பெல்ட் வாங்க வேண்டுமா, சயான் பக்கமாகப் போய்ப் பேரம் பேசி வாங்குங்கள். ஜனவரியில் வந்தால் 90 அடி சாலையில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவதைப் பார்க்கலாம். மற்ற நாட்களில் தாராவிதான் உங்களைத் தேடி வரும். காலை ஏழு மணிக்குச் சைக்கிளில் பெரிய அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, பாம் பாம் என்று ஹாரன் அடித்தபடி வருகிற இட்லிக்காரர்களில் நிறையப் பேர் அங்கிருந்துதான். மும்பை முழுக்க அவர்களுக்கு "அண்ணா" என்றுதான் பெயர். எங்கள் தெருவுக்கு வருகிறவரிடம் முதல் நாள் நான் இந்தியில் விலை கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருக்கா?" என்றார். அம்பாசமுத்திரம் என்றேன். "நமக்கு நாங்குநேரி. சட்னி கூட ஊத்திக்கோங்க." இன்றுவரை சட்னிக்கு அளவு கிடையாது.

மொழிக்கு உடைந்த இந்தி போதும். ஆனால் "நமஸ்கார்" என்று ஆரம்பித்து, விலைக்கு "கித்தி?" என்று மராத்தியில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், முகமே மாறும். வயதான அம்மாக்களை "மாவ்ஷி" என்றால், நம் சித்தி மாதிரி, வழிகாட்டக் கூடவே நடந்து வருவார்கள்.

எப்போது வரலாம்

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. கணபதி விசர்ஜன், அதாவது பிள்ளையாரைக் கடலில் கரைப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட், செப்டம்பர், ஆனால் குழந்தைகளோடு லால்பாக் பிள்ளையாரைப் பார்க்கிற வரிசையில் நிற்க நினைக்காதீர்கள். ஜூன் பத்துக்கு மேல் மழை பிடித்துவிடும். நம் ஊர் ஐப்பசி மழையை வைத்து இதைக் கணக்குப் போடக்கூடாது.

2005 ஜூலை 26 அன்று நான் ஃபோர்ட் ஆபீஸில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சாதாரண மழைதான். மூன்று மணிக்கு வண்டிகள் நின்றுவிட்டன என்றார்கள், நம்பவில்லை. அன்று கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர். அதே நாள் சாந்தாகுரூஸில் 944. ஒரே ஊர்தான், முருங்கைக்காயின் நுனியும் நடுவும். நாங்கள் பதினான்கு பேர் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அங்கேயே படுத்தோம். மறுநாள் சாயங்காலம்தான் வீடு. அதனால் மழைக்காலத்தில் வருகிறவர்களுக்குச் சொல்வது: நீங்கள் நிற்கும் இடத்து வானத்தை நம்பாதீர்கள், போகிற இடத்தில் என்ன நிலவரம் என்று கேளுங்கள். கடல் ஏற்ற நேரத்தையும் அன்றைய செய்தியில் பாருங்கள். அலை நாலரை மீட்டருக்கு மேல், கூடவே கனமழை என்றால் மழைநீர் கடலுக்குள் போக முடியாமல் கிங்ஸ் சர்க்கிள், ஹிந்துமாதா, சயான் எல்லாம் நிரம்பும். அன்றைக்கு வீட்டிலேயே பஜ்ஜி போட்டுச் சாப்பிடலாம். எலிஃபெண்டா படகும் அலை அதிகமானால் ஓடாது.

தங்குவதற்குக் கொலாபா, ஃபோர்ட் பார்க்க வசதி, பர்ஸுக்கு இல்லை. தாதர், மாட்டுங்கா, செம்பூர், இன்னும் மலிவாக வாஷி. ரூம் பதிவு செய்யும்போது ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரமா என்று மட்டும் பாருங்கள், மற்றதை ரயில் பார்த்துக்கொள்ளும்.

திரும்பும் நாளில் டிக்கெட்டை எடுத்து வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்று வாய்விட்டுப் படியுங்கள். சிஎஸ்எம்டி, தாதர், லோகமான்ய திலக் மூன்றும் வேறு வேறு. என் மாமா பையன் சிஎஸ்எம்டியில் நின்றுகொண்டு, குர்லாவில் கிளம்பிய வண்டிக்கு டிக்கெட்டை ஆட்டியிருக்கிறான். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். வழிக்கு நான்கு வடா பாவ் கட்டிக்கொள்ளுங்கள், பூண்டுப் பொடியைத் தனியாகப் பொட்டலம் போடச் சொல்லி. புனே தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும்.